மிச்சச் சாயம் எங்கே போகிறது?

புதுச் சிவப்புத் துண்டோடு ஒரே வாளியில் ஊறிய வெள்ளைச் சட்டை ரோஸ் நிறத்தில் வெளியே வருவது எந்த வீட்டுக்கும் புதிதல்ல. அப்படிப் பாழான சட்டையை மூலையில் போடுமுன் வெளிச்சத்தில் பிடித்து, காலர் விளிம்பையும் பித்தான் பட்டியையும் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். துணி முழுக்க ரோஸ் ஏறியிருக்கும். அதைத் தைத்த நூல் மட்டும் பெரும்பாலும் பளிச்சென்று வெள்ளையாகவே இருக்கும். அதே வாளி, அதே தண்ணீர், அதே அரை மணி நேரம். துணியைப் பிடித்த சாயம் நூலை ஏன் விட்டது?

துணி பருத்தி, நூல் பாலியஸ்டர் என்பது விடை. தண்ணீரில் இறங்கிய சாயம் கண்ட இடத்தில் படிவதில்லை; ஆள் பார்த்து ஒட்டுகிறது. ஒட்டுவதற்கும் விடுவதற்கும் அதற்கென்று விதிகள் உண்டு. அவை தெரிந்தால், சாயம் போவதைத் தடுக்க வீடுகளில் காலங்காலமாகச் செய்துவரும் வைத்தியங்களில் எது பலிக்கும், எது காரியத்தைக் கெடுக்கும் என்பது விளங்கிவிடும்.

வண்ணத் துணிகளைத் தனியாகவும் வெள்ளையைத் தனியாகவும் துவைப்பது நல்ல வழக்கம்தான். அந்த வழக்கம் செல்லுபடியாகாத பொருள் ஒன்று இருக்கிறது: ஒட்டுத்துணிப் போர்வை. அமெரிக்காவில் குவில்ட் என்ற பெயரில் அது ஒரு பெரும் கைவினை மரபு. பல வண்ணத் துண்டுகளைச் சதுரமும் முக்கோணமுமாக இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சுப் படலம், அடியில் இன்னொரு துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் நெருக்கமான ஓட்டுத்தையல். சிவப்பு முக்கோணத்தின் விளிம்பிலேயே வெள்ளை முக்கோணம் தொடங்கும். பிரித்துத் துவைக்க வழியே இல்லை. மாதக்கணக்கில் கையால் தைத்த போர்வை முதல் சலவையிலேயே கறைபட்டுப் போகும் ஆபத்து இருப்பதால், சாயம் கசிவதைப் பற்றி குவில்ட் தைப்பவர்கள் அளவுக்குக் கவலைப்பட்டு, சோதித்து, விவாதித்தவர்கள் வேறு யாரும் இல்லை.

பருத்தி இழை என்பது செல்லுலோஸ் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் கட்டு. அந்தச் சங்கிலிகள் சில இடங்களில் இறுக்கமாக அடுக்கப்பட்டிருக்கும், சில இடங்களில் தளர்ந்து கிடக்கும். இழை நனைந்ததும் தளர்ந்த பகுதிகள் உப்பி, நுண்ணிய இடுக்குகள் திறக்கின்றன. சாய மூலக்கூறுகள் உள்ளே போவது அந்த வழியாகத்தான். வெளியே வருவதும் அதே வழியாகத்தான். பாலியஸ்டரோ தண்ணீரைக் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. அதன் கதவு சாதாரணத் தண்ணீருக்குத் திறக்காது. ஆலைகளில் பாலியஸ்டருக்குச் சாயமேற்ற மூடிய கலன்களில் 130 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவது அதனால்தான். வாளித் தண்ணீரில் இறங்கிய பருத்திச் சாயத்துக்குத் தையல் நூலில் நுழைய இடமே கிடைக்கவில்லை.

உள்ளே போன சாயம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? நெற்றியில் இடும் குங்குமம், கையில் வைக்கும் மருதாணி, தோலில் குத்தும் பச்சை ஆகிய மூன்றையும் நினைத்துப் பார்த்தால் போதும். குங்குமம் வெறுமனே ஒட்டி நிற்கிறது. முகம் கழுவினால் போய்விடும். மருதாணியின் நிறப்பொருள் தோலில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு வேதிப்பிணைப்பே கொள்கிறது. அந்தத் தோல் உதிரும்வரை நிறம் இருக்கும். பச்சை குத்தியதில் கரையாத நிறத்துகள்கள் தோலுக்கு அடியில் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. எந்தச் சோப்பும் அவற்றை எட்டாது.

பருத்திச் சாயங்களிலும் இந்த மூன்று வகை உண்டு. குங்குமத்தின் இடத்தில் இருப்பது நேரடிச் சாயம். 1884இல் ஜெர்மனியின் பால் பாட்டிகர் உருவாக்கிய காங்கோ சிவப்பு இதன் முன்னோடி. அதற்கு முன்பு பருத்தியில் சிவப்பேற்றப் பல கட்ட வேலை தேவைப்பட்டது. காங்கோ சிவப்பைத் தண்ணீரில் கரைத்துத் துணியைப் போட்டாலே போதும். நீளமும் தட்டையுமான அதன் மூலக்கூறு செல்லுலோஸ் சங்கிலியின் மேல் படுத்துக்கொள்கிறது. அதைப் பிடித்து வைப்பவை ஹைட்ரஜன் பிணைப்பு முதலான மெல்லிய ஈர்ப்புகளே. எளிதாக ஏறும், எளிதாக இறங்கும்.

பச்சை குத்தியதுபோல நிற்பது தொட்டிச் சாயம். அவுரி இந்த வகையைச் சேர்ந்தது. நீல அவுரி தண்ணீரில் கரையாது. தொட்டியில் ஆக்சிஜனை நீக்கினால் அது கரையக்கூடிய மஞ்சள்பச்சை வடிவத்துக்கு மாறி இழைக்குள் நுழையும். துணியை வெளியே எடுத்ததும் காற்று பட்டு, கண்முன்னே நீலமாகி, மறுபடி கரையாத பொருளாக உள்ளே மாட்டிக்கொள்ளும். ஜீன்ஸ் வெளுப்பது வேறு கதை. அதில் அவுரி நூலின் மேலடுக்கிலேயே தங்கிவிடுவதால் உராய்வில் தேய்ந்து போகிறது.

மருதாணியின் இடத்தில் இருப்பதுதான் இன்றைய பருத்தி உலகின் அரசன்: வினைச் சாயம். மான்செஸ்டர் அருகே பிளாக்லியில் இருந்த ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் ராட்டி, ஸ்டீபன் என்ற இரு வேதியியலாளர்கள் 1954இல் ஒன்றைக் கண்டறிந்தார்கள். குறிப்பிட்ட குளோரின் சேர்மம் ஒன்றைச் சாய மூலக்கூறோடு இணைத்து, காரத்தன்மையுள்ள தண்ணீரில் பருத்தியோடு சேர்த்தால், சாயம் செல்லுலோஸுடன் நேரடியாகச் சகப்பிணைப்பு கொள்கிறது. துணியும் சாயமும் வேதியியல்படி ஒரே பொருளாகிவிடுகின்றன. 1956இல் புரோசியான் என்ற பெயரில் மஞ்சள், சிவப்பு, நீலம் என மூன்று நிறங்கள் சந்தைக்கு வந்தன. வில்லியம் பெர்க்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்து அப்போது சரியாக நூறு ஆண்டு ஆகியிருந்தது.

உண்மையிலேயே பிணைப்பு உண்டானதா என்பதை எப்படி அறிவது? அதற்கு நேர்மையான சோதனை ஒன்று இருக்கிறது. பிரிடின் போன்ற வலிமையான கரைப்பான் கலந்த தண்ணீரில் துணியைக் கொதிக்க வைப்பார்கள். மெல்லிய ஈர்ப்பால் நிற்கும் சாயம் முழுக்கக் கரைந்து வெளியேறிவிடும். வேதிப்பிணைப்பு கொண்டது ஒரு துளியும் அசையாது. நேரடிச் சாயம் ஏற்றிய துணி அதில் வெளிறிப்போகும். வினைச் சாயம் பிணைந்த துணி நிறம் மாறாமல் வரும்.

அப்படியானால் வினைச் சாயம் ஏற்றிய துணி வீட்டில் ஏன் சாயம் விடுகிறது?

வினைச் சாயம் செல்லுலோஸை மட்டும் தேடிப் போவதில்லை. தொட்டி முழுக்க இருப்பது தண்ணீர். சாய மூலக்கூறுகளில் ஒரு பகுதி துணியோடு சேருமுன் தண்ணீரோடு வினைபுரிந்து முடிந்துவிடுகிறது. இதை நீராற்பகுப்பு என்பார்கள். அதன் பிறகு அந்த மூலக்கூறுக்குப் பிணையும் திறன் இல்லை. ஆனால் நிறம் அப்படியே இருக்கிறது. நீண்ட தட்டை உருவமும் இருக்கிறது. ஆகவே அது நேரடிச் சாயமாகிவிடுகிறது. இழையின் இடுக்குகளுக்குள் பிணைந்த சாயத்தின் பக்கத்திலேயே, எந்தக் கட்டும் இல்லாமல் படுத்துக் கிடக்கிறது. சாயத்தின் வகையைப் பொறுத்து, தொட்டியில் போட்டதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று, நான்கு பங்கு வரை இப்படி மிஞ்சலாம்.

வீட்டு வாளியில் இறங்குவது பெரும்பாலும் இந்த மிச்சச் சாயம்தான். துணியின் உண்மையான நிறம் போய்விடவில்லை. ஆலையில் கழுவி வெளியேற்றியிருக்க வேண்டியது நம் வீட்டில் வெளியேறுகிறது. அடர்ந்த சிவப்பும் கறுப்பும் கருநீலமும் அதிகம் தொல்லை தருவதும் இதனால்தான். ஆழ்ந்த நிறத்துக்கு அதிகச் சாயம் போட வேண்டும். அதிகம் போட்டால் அதிகம் மிஞ்சும். மயில்நீலத்துக்கு இன்னொரு சிக்கல். அதன் மூலக்கூறு பெரியது, இழைக்குள்ளிருந்து மெல்லத்தான் நகரும், எத்தனை அலசினாலும் பின்னாலேயே கொஞ்சம் வந்துகொண்டிருக்கும்.

மிச்சத்தை நீக்கச் சாயப்பட்டறைகளில் சாயமேற்றிய துணியைப் பலமுறை அலசி, கொதிநிலையை ஒட்டிய சூட்டில் சோப்பு நீரில் ஓட்டி, மறுபடி அலசுகிறார்கள். சாயமேற்றும் வேலையில் செலவாகும் தண்ணீரில் பெரும்பகுதி இதற்கே போகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போனது என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. திருப்பூர்ப் பின்னலாடைகளின் மிச்சச் சாயமும் உப்பும் நொய்யலில் கலந்து, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைக் கழிவுநீர்த் தேக்கமாக்கின. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரைச் சவ்வுகளில் வடிகட்டி, ஆவியாக்கி, உப்பைப் பிரித்தெடுத்து, தண்ணீரை மறுபடி பயன்படுத்தும் முறைக்குத் தொழில் மாற வேண்டியிருந்தது. தண்ணீருக்கும் சூட்டுக்கும் இவ்வளவு விலை இருக்கும்போது, உலகில் எந்த ஊர் ஆலையானாலும் கடைசி இரண்டு அலசலைக் குறைக்கும் ஆசை எழவே செய்யும். குறைத்த அலசல் வாங்கியவரின் வாளியில் வந்து நிற்கிறது.

அந்தக் கழிவுநீரில் உப்பு எப்படி வந்தது என்பதில்தான் வீட்டு வைத்தியத்துக்கான தீர்ப்பு இருக்கிறது. பருத்தி தண்ணீரில் நனையும்போது அதன் பரப்பில் சிறிது எதிர்மின்னூட்டம் உண்டாகிறது. இந்தச் சாயங்களும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கரைத்தால் அதன் சோடியம் அயனிகள் நடுவில் நின்று அந்தத் தள்ளலை மறைக்கின்றன. சாயம் தண்ணீரை விட்டுத் துணியை நோக்கிப் போகிறது. ஆழ்ந்த நிறங்களுக்குப் பட்டறைகளில் லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை உப்புப் போடுவது வழக்கம். உப்பு செய்வது அவ்வளவுதான். அது சாயத்தைத் துணிக்குள் தள்ளும், பிணைக்காது.

புதுத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் கெட்டிப்படும் என்று பல தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள். ஒரு கைப்பிடிக் கல்லுப்பு ஒரு வாளித் தண்ணீரில் பெரிதாக எதையும் செய்யாது. பட்டறைக் கணக்குப்படி பதினைந்து லிட்டர் வாளிக்கு ஒரு கிலோவை நெருங்க வேண்டும். அப்படியே கொட்டினாலும் நடப்பது என்ன? மிச்சச் சாயம் தண்ணீரிலிருந்து விலகித் துணிக்குத் திரும்பும். தண்ணீர் தெளிந்திருப்பதைப் பார்த்துச் சாயம் நின்றுவிட்டதாக நம்பிக்கை வரும். உப்பில்லாத அடுத்த சலவையில் மறுபடி இறங்கும். பக்கத்தில் வெள்ளைப் பருத்தி இருந்தால் இன்னும் மோசம், உப்பு சாயத்தை அதற்குள்ளும் அதே விசையோடு தள்ளிவிடும். இந்த நம்பிக்கையை விட்டுவிடுவதுதான் நல்லது.

இன்னொரு வீட்டு வைத்தியமான வினிகரும் பருத்திக்கு உதவாது. பட்டும் கம்பளியும் புரத இழைகள்; அமிலம் பட்டால் அவற்றில் நேர்மின்னூட்டம் கூடும், அவற்றுக்கான அமிலச் சாயங்கள் கொஞ்சம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அங்கே அது ஓரளவு நியாயம். பருத்தியில் அப்படிப் பிடிக்க எதுவும் இல்லை.

எந்தச் சாயம் எந்த இழையை விரும்பும் என்பதை ஆய்வகங்கள் ஊகிப்பதில்லை, நேரே பார்க்கின்றன. ஐ.எஸ்.ஓ. 105 என்ற பன்னாட்டுத் தரமுறையில் இதற்கு அழகான கருவி ஒன்று இருக்கிறது: அசிட்டேட், பருத்தி, நைலான், பாலியஸ்டர், அக்ரிலிக், கம்பளி என ஆறு இழைகளும் அடுத்தடுத்த பட்டைகளாக நெய்யப்பட்ட வெள்ளை நாடா. சோதிக்க வேண்டிய வண்ணத் துணியில் 10 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அதன் மேல் இந்த நாடாவை வைத்து ஓரத்தில் தைப்பார்கள். அளந்த சோப்பு நீரோடும் சிறு எஃகுக் குண்டுகளோடும் ஓர் எஃகுக் குவளையில் போட்டு மூடி, வெந்நீர்த் தொட்டிக்குள் சுழல விடுவார்கள். குண்டுகள் துணியை இடித்துக் கும்மும் வேலையைச் செய்யும். பிறகு காய வைத்து, குறிப்பிட்ட விளக்கொளியில், சாம்பல் நிற அளவுகோல் ஒன்றோடு ஒப்பிட்டு மதிப்பெண் தருவார்கள். 5 என்றால் கறையே இல்லை, 1 என்றால் கடுமையான கறை. பருத்திப் பட்டை மட்டும் சிவந்தால் குற்றவாளி பருத்திச் சாயத்தின் மிச்சம். நைலானும் அசிட்டேட்டும் சிவந்து பருத்தி வெளுப்பாக இருந்தால், பாலியஸ்டருக்கான சாயம் கசிகிறது.

பிணையாத சாயத்தைக் கழுவி வெளியேற்ற வேண்டும் என்ற அறிவு 1956இல் பிறந்ததல்ல. சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் அதையே தங்கள் தொழில்முறையாக வைத்திருந்தார்கள். 1734 வாக்கில் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி அந்துவான் தெ பொலியூ, பூவேலைத் துணிகளை எழுதிச் சாயமேற்றும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியிலிருந்து ஒரு துண்டைத் தன் குறிப்புகளோடு எடுத்து வைத்தார். அந்தக் கையெழுத்துப் படியும் துணித்துண்டுகளும் இன்றும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியாரும் 1742இல் இதே தொழிலை விவரித்துக் கடிதம் எழுதினார்.

அந்தக் குறிப்புகளில் தெரியும் முறை வியக்க வைக்கிறது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காய வைப்பார்கள். சிவப்பு வேண்டிய இடங்களில் மட்டும் படிகாரக் கரைசலால் எழுதுவார்கள். பிறகு முழுத்துணியையும் சாயவேர்ச் சாற்றில் போட்டுக் காய்ச்சுவார்கள். துணி முழுக்கச் சிவக்கும். படிகாரம் பட்ட இடத்தில் அதிலுள்ள அலுமினியம் சாயவேரின் அலிசரினைப் பிடித்து, கரையாத சேர்மமாக இழைக்குள் நிறுத்திவிடும். படிகாரத்துக்கு இந்தப் பணியால் நிறமூன்றி என்று பெயர். மற்ற இடங்களில் ஏறிய சிவப்புக்கு ஆதாரம் இல்லை. சாணம் கரைத்த நீரில் ஊறவைத்தும், அலசியும், வெயிலில் பரப்பி நனைத்து நனைத்துக் காய வைத்தும் அதை வெளியேற்றுவார்கள். வெள்ளைத் தரையில் சிவப்புப் பூ எஞ்சும். இவ்வளவு கழுவலையும் தாங்கி நின்ற சிவப்பு அதன் பிறகு எந்த வீட்டுச் சலவைக்கும் அஞ்சாது. ஐரோப்பியர் இந்தத் துணிகளுக்கு மயங்கியதற்கு நிறத்தின் அழகு மட்டுமல்ல, துவைத்தாலும் போகாத உறுதியும் காரணம். உள்ளூர் நெசவைக் காக்கப் பிரான்சு 1686இல் இவற்றைத் தடை செய்யும் அளவுக்கு அந்த மோகம் வளர்ந்தது.

அலிசரினும் அலுமினியமும் சேர்ந்த அதே சிவப்புதான், எண்ணெய் ஊட்டிய பருத்தியில் மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரால் ஏற்றப்பட்டு, துருக்கிச் சிவப்பு என்ற பெயரில் கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து பிரான்சின் ரூவானுக்கும், 1785இல் கிளாஸ்கோவுக்கும் போனது. அங்கிருந்து அமெரிக்கப் பெண்களின் தையல் பெட்டிகளுக்கு வந்து சேர்ந்தது. சிவப்பும் வெள்ளையும் மட்டுமே கொண்ட போர்வை என்ற துணிச்சல் அந்த நாட்டில் ஒரு தனி மரபாகவே வளர இந்தக் கெட்டிச் சாயம் முக்கியக் காரணம். 2011 மார்ச்சில் நியூயார்க்கில் ஒரே கூடத்தில் 651 சிவப்பு–வெள்ளைப் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன; மூன்று நூற்றாண்டுகளில் தைக்கப்பட்டவை அவை.

இதே சோழமண்டலக் கரை, சாயம் விடுவதற்கே பெயர்போன துணி ஒன்றையும் உலகுக்குத் தந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1950களின் இறுதியில் சென்னைக் கைத்தறிக் கட்டம் போட்ட துணி அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைகளுக்குப் போனது. தனியாக, குளிர்ந்த நீரில் துவைக்க வேண்டும் என்ற குறிப்பு வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றும், சாயம் ஒன்றோடொன்று கலந்து புகார்கள் குவிந்தன என்றும், ஏற்றுமதி செய்த கிருஷ்ணன் நாயர் பிற்காலத்தில் சொன்னார். வணிகர்கள் அந்தக் குறையையே சிறப்பாக விளம்பரப்படுத்த, ஒவ்வொரு சலவையிலும் நிறம் மாறும் மெட்ராஸ் சட்டை அமெரிக்கக் கல்லூரி இளைஞர்களின் பெருமையானது.

சட்டைக்கு அது பொருந்தியது. போர்வைக்குப் பொருந்தாது. ஏற்கனவே ரோஸ் கசிந்துவிட்ட போர்வையை மீட்பது எப்படி?

வெள்ளையில் ஏறிய ரோஸும் பிணையாத மிச்சச் சாயமே. சிவப்புத் துணியை விட்டு அது எளிதாக வந்ததைப்போலவே வெள்ளையை விட்டும் வரக்கூடியது. அதற்கு மூன்று வேண்டும்: நிறையத் தண்ணீர், நல்ல சூடு, சோப்பு. பிணையாத சாயம் துணிக்கும் தண்ணீருக்கும் இடையே பங்கு பிரிந்து நிற்கும். தண்ணீர் குறைவாக இருந்தால் அது அடர்ந்து, பக்கத்துத் துணியில் ஏறும். தண்ணீர் பெருகினால் நீர்த்துப்போய்த் திரும்ப ஏறும் வாய்ப்புக் குறையும். சூடு கூடினால் சாயத்துக்குத் துணியின் மேல் உள்ள பற்று தளரும், இடுக்குகளிலிருந்து வெளியேறும் வேகமும் கூடும். சோப்பு மூலக்கூறுகள் சாயத்தைச் சூழ்ந்துகொண்டு தண்ணீரிலேயே மிதக்க விடும். குளிர்ந்த நீரே எப்போதும் பாதுகாப்பு என்ற எண்ணம் பாதிதான் சரி. குளிர்ந்த நீரில் சாயம் மெதுவாக இறங்கும், ஆனால் இறங்கியது வெள்ளையில் நன்றாகவே ஒட்டும். எல்லாவற்றிலும் மோசமானது, அலசிய துணியை ஈரத்தோடு மடித்து இயந்திரத்திலேயே விட்டுவிடுவது. அங்கே தண்ணீரே இல்லை. சிவப்பு இழையிலிருந்து வெள்ளை இழைக்கு நேரடிப் பாதை மட்டும் இருக்கிறது.

குவில்ட் தைப்பவர்கள் செய்வது இதுதான். குளியல் தொட்டியிலோ பெரிய அண்டாவிலோ குழாய் தரும் அதிகபட்ச வெந்நீரை நிரப்பி, திரவச் சோப்புக் கொஞ்சம் கலந்து, போர்வை முழுக்க மூழ்கும்படி அமுக்கி வைப்பார்கள். ஒரு முனைகூட மேலே நீட்டக் கூடாது. நீட்டிய முனை காயும்போது தண்ணீர் அங்கே ஏறி, சாயத்தையும் கூட்டிக்கொண்டு போய் விளிம்பில் தேக்கிவிடும். பத்து, பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஒரு வெள்ளைக் கோப்பையில் அந்தத் தண்ணீரை மொண்டு பார்ப்பார்கள். நிறம் இருந்தால் தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவைப்பார்கள். கோப்பையில் நிறம் தெரிவது நிற்கும்வரை போர்வையைக் காய விடுவதில்லை. கம்பளிப் படலமோ பட்டோ உள்ள போர்வைக்கு இந்தச் சூடு ஆகாது, சுருங்கும், உருக்குலையும்.

எத்தனை முறை மாற்றினாலும் தண்ணீர் தெளியவே இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல். அங்கே மிச்சம் மட்டும் வெளியேறவில்லை. துணியின் மொத்த நிறமும் பிணைப்பில்லாத நேரடிச் சாயம். கழுவக் கழுவ வெளிறத்தான் செய்யும். அப்போது வெந்நீரை நிறுத்திவிட்டு, நேர்மின்னூட்டம் கொண்ட பெரிய மூலக்கூறுகளால் ஆன சாயநிறுத்திகளைப் பயன்படுத்துவார்கள். எதிர்மின்னூட்டச் சாயத்தோடு அவை சேர்ந்து, இடுக்குகளை விட்டு வெளிவர முடியாத பெரிய கட்டிகளாக்கும். இயந்திரத்தில் துணியோடு போடும் சாயம் பிடிக்கும் தாள்களும் இதே நேர்மின்னூட்டத்தைத் தாங்கியவைதான். தண்ணீரில் அலையும் சாயத்தை வெள்ளைத் துணி பிடிக்குமுன் அவை பிடித்துக்கொள்கின்றன. ஆனால் சிவப்பும் வெள்ளையும் உரசிக்கொண்டிருக்கும் தையல் விளிம்பில் தாள் தலையிட முடியாது.

கறை நீக்கும் பொடிகள் சிலவற்றில் சோடியம் டைதயோனைட் இருக்கும். சாயப்பட்டறைக்காரர்கள் ஹைட்ரோஸ் என்று சொல்வது இதைத்தான். அவுரித் தொட்டியிலும் இதைத்தான் போடுகிறார்கள். அது சாய மூலக்கூறின் நிறம் தரும் பகுதியையே உடைத்துவிடும். முழு வெள்ளைச் சட்டைக்கு நல்ல மருந்து. போர்வையில் போட்டால் கறையோடு சிவப்பும் போகும்.

இவ்வளவு பாடும் தைத்த பிறகு வருவது. அனுபவசாலிகள் தைக்குமுன்பே அடர்ந்த நிறத் துணி ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு நறுக்கி, கண்ணாடி டம்ளரில் வெந்நீரும் ஒரு சொட்டுச் சோப்பும் விட்டு அரை மணி நேரம் போட்டு வைக்கிறார்கள். தண்ணீரில் நிறம் தெரிந்தால் மாற்றிப் போட்டு, மூன்று நான்கு தடவையில் தெளிகிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு அந்த ஈரத்துண்டை வெள்ளைப் பருத்தித் துணியின் மேல் வைத்துக் காய விடுகிறார்கள். தெளிந்த துணியை மொத்தமாக வெந்நீரில் அலசிவிட்டு வெட்டலாம். தெளியாததை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. கடைகளில் கீற்றுகளாக நறுக்கிக் கட்டி விற்கும் துணிகளை முன்கூட்டித் துவைத்தால் ஓரம் பிரிந்து அளவு கெடும். அவற்றுக்கு டம்ளர் சோதனை ஒன்றே வழி.